லோயர் அத்தானின் கல்வெட்டுக்கு ஒரு திருத்தம்

என்றும் என் அன்புக்குரிய அத்தானுக்கு,

நீங்கள் போய் ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. ஹேர்னிங்கில் மழை. உங்கள் கார் வாசலில் நிற்கிறது. அதற்குக் குளிர்காலச் சக்கரங்களை எப்போது மாற்றப்போகிறாய் என்று அக்கா என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார். இந்தச் சனிக்கிழமை என்று இரண்டு முறையும் சொன்னேன். இரண்டும் வெவ்வேறு சனிக்கிழமைகள்.

உங்கள் முப்பத்தோராம் நாள் நல்லபடியாக நடந்தது. டென்மார்க் முழுவதிலிருந்தும், விபோர்க்கிலிருந்தும் புரொண்பியிலிருந்தும்கூட ஆட்கள் வந்ததால் மண்டபத்தில் கதிரை போதவில்லை. கத்தரிக்காய்ப் பால்கறியில் உப்புக் குறைவு என்று மூன்று பேர் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் அதை மூன்றாம் தரமும் போட்டுச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார். உங்கள் கல்வெட்டு எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. அதைப்பற்றித்தான் உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

என் பக்கத்து வீட்டுக்கு ஒரு பொறியியலாளர் குடிவந்திருக்கிறார், கோயம்புத்தூர்க்காரர். நான் அச்சுப்பிரதியை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தபோது, "சார், கல்வெட்டுன்னா எந்தக் கல்லுல வெட்டுவீங்க? இங்க பர்மிஷன் எல்லாம் குடுக்கிறாங்களா?" என்று கேட்டார். கல் இல்லை, வழவழப்பான தாள் என்றேன். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, உறவு முறை எல்லாம் அச்சிட்டு, முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு கொடுப்பது யாழ்ப்பாணத்து வழக்கம் என்று விளக்கினேன். "ஓ, அப்ப லைஃப் ஹிஸ்டரி. அதை யாரு செக் பண்ணுவாங்க?" என்றார். அப்படி ஒரு கேள்வியை எங்கள் ஆட்களில் யாரும் இதுவரை கேட்டதில்லை.

உங்களுக்குத் தெரியும், இந்தப் பக்கத்தில் யார் இறந்தாலும் கல்வெட்டு எழுத என்னிடம்தான் வருவார்கள். நான் எழுதிய எல்லாக் கல்வெட்டிலும் இறந்தவர் சிறு வயதிலேயே கெட்டிக்காரர், அயலாருக்கு ஓடி ஓடி உதவியவர், புன்முறுவல் மாறாதவர். அவர்களில் சிலர் அந்தப் புன்முறுவலை எப்போது தொடங்கினார்கள் என்று வீட்டாருக்கே தெரியாது. டென்மார்க்கில் இத்தனை வருடத்தில் ஒரு தமிழராவது சாதாரண மனிதராக இறந்தார் என்பதற்கு அச்சில் ஆதாரம் கிடையாது. அதற்குப் பொறுப்பு நான்.

உங்கள் உடலை எரித்து மூன்றாம் நாள் தமிழ்ச் சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணை, அட்டையில சட்டத்தரணி எண்டு பெரிசாப் போடுங்கோ. இந்த ஊருக்கு முதல் வந்த தமிழ் லோயர் அவர்தானே."

"ஓம்" என்றேன். முப்பது வருடத்துக்கு மேலாக நான் சொல்லிவரும் ஓம் அது. வாய் தானாகவே சொல்லிவிட்டது.

இந்தக் கடிதத்தை உங்களோடு சேர்த்து வேறு சிலரும் வாசிப்பார்கள். அவர்களுக்காக ஒரு விஷயத்தை விளங்கச் சொல்லவேண்டும். நீங்கள் லோயர் இல்லை. கொழும்பில் சட்டம் படித்தீர்கள். இறுதிப் பரீட்சைக்கு முன் அங்கே கலவரத்தில் எங்கள் ஆட்களின் வீடுகள் எரிந்தன. கப்பலில் வடக்கே யாழ்ப்பாணத்துக்கு வந்தீர்கள், பிறகு இங்கே வந்தீர்கள். பரீட்சை அங்கேயே நின்றுவிட்டது.

நாங்கள் இருவரும் அகதி முகாமில் ஒரே அறை. நீங்கள் நல்ல ஆங்கிலம் எழுதுவீர்கள் என்று தெரிந்ததும் அறைக்கு வெளியே வரிசை. விண்ணப்பம், மேன்முறையீடு, மனைவியைக் கூப்பிடக் கடிதம். வந்தவர்கள் உங்களை லோயர் அண்ணை என்றார்கள். நீங்கள் ஒவ்வொருவரிடமும், "நான் லோயர் இல்லை, படிச்சனான், முடிக்கேல்லை" என்றீர்கள். அவர்கள் வெளியே போய், "எவ்வளவு அடக்கம் பாத்தியே" என்றார்கள். நீங்கள் மறுக்க மறுக்க உங்கள் பதவி உயர்ந்துகொண்டு போனது. இன்னும் ஒரு வருடம் மறுத்திருந்தால் நீதவானாக்கியிருப்பார்கள்.

அதுவரை குற்றம் ஒன்றும் இல்லை. குற்றம் நான் எழுதியதில் தொடங்குகிறது.

ஊரில் அக்காவுக்குக் கல்யாணம் சரிவரவில்லை என்று அப்பா எழுதினார். என் எதிர்க்கட்டிலில் நீங்கள் இருந்தீர்கள். கேட்டேன், ஓம் என்றீர்கள். அப்பாவுக்குப் பதில் எழுதினேன். மாப்பிள்ளை லோயர், நல்ல குணம், சிகரெட் பிடிக்கமாட்டார். மூன்று தகவல்களில் நடுவில் உள்ளது மட்டும் உண்மை.

அக்கா வந்திறங்கினார். அப்பா கொடுத்துவிட்ட கடிதத்தை உங்களிடம் நீட்டினார். உறையில் 'சட்டத்தரணி மருமகனுக்கு' என்று இருந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வெளியில வா" என்றீர்கள்.

"என்னடா எழுதினனீ?"

"லோயர் எண்டு."

"ஏன்டா?"

"படிச்சனீங்கள்தானே."

"படிச்சது வேற, முடிச்சது வேற."

"அப்ப உண்மையை எழுதட்டோ? நான்தான் பொய் எழுதினனான் எண்டு?"

நீங்கள் சிகரெட்டைப் பற்றவைத்தீர்கள். பாதி முடிந்தபோது, அப்பாவின் கடிதம் இருந்த சட்டைப்பையைத் தொட்டு, அக்கா நின்ற பக்கம் பார்த்தீர்கள். பிறகு, "கொப்பர் உன்னை இனி நம்பமாட்டார். கொக்காவும் நம்பமாட்டா. விடு" என்றீர்கள்.

அந்த ஒரு 'விடு' என்ற சொல்லுக்குள் நாம் இருவரும் முப்பது வருடத்துக்கு மேல் குடியிருந்தோம், அத்தான். எனக்கு அது வசதியான வீடு. உங்களுக்கு எப்படி இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டாமா?

பிறகு நெசவாலை. காலை ஷிஃப்டுக்கு ஆறு மணிக்குப் போவீர்கள், பின்னேரம் நூலகத்துக்குப் போவீர்கள். ஒருநாள் நூலகத்தில் கழித்துவிடும் பழைய புத்தகங்களை ஒரு மேசையில் பரப்பியிருந்தார்கள். அங்கேதான் உங்களுக்கு அந்த அமெரிக்கன் கிடைத்தார். போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு வழக்கறிஞர், பிறகு அரசியல்வாதி. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் அவருடைய சொந்த மாநிலத்திலேயே அதை அடையாளம் காண ஆள் இருக்காது. நீங்களும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'எங்கட ஆள்' என்பீர்கள்.

எங்கட ஆள் தோல் பதனிடும் ஒருவரின் மகன். சட்டக் கல்லூரி வாசல் மிதிக்காதவர். ஒரு வயதான வழக்கறிஞரின் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்து, தரையைக் கூட்டி, காணி உறுதிப் பத்திரங்களைப் பிரதி எடுத்து, இடையில் கிடைத்த நேரத்தில் அவருடைய புத்தகங்களைப் படித்தார். ஒரு மத்தியானம் மூன்று வழக்கறிஞர்கள் விடுதி அறையில் உட்கார்ந்து அவரைக் கேள்வி கேட்டார்கள். அன்று பின்னேரமே அவர் வழக்கறிஞர்.

இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் வரும் சிரிப்பு எனக்கு நல்ல ஞாபகம். "மூண்டு கேள்வி, மச்சான். நாலாவது, சாப்பிட்டியோ எண்டு. அந்தக் காலத்தில நான் பிறந்திருந்தா உன்ர கடிதம் பொய்யாய்ப் போயிராது."

அதற்குப் பிறகு அவர் வழக்குப் பேச நீதிபதியின் பின்னால் குதிரையில் ஊர் ஊராகப் போனார். வேலியை உடைத்த பன்றி, குருட்டுக் குதிரையை நல்ல குதிரையென்று விற்றவன், எல்லைக்கல்லை இரவில் நகர்த்திய தம்பி. "இது அமெரிக்காவோ, யாழ்ப்பாணமோ எண்டு எனக்கே சந்தேகமாக் கிடக்கு" என்று எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள். ஓம், நீங்கள் எழுதத் தொடங்கியிருந்தீர்கள். அவருடைய வாழ்க்கையைத் தமிழில், கையால், நீலக் கோப்பில், அத்தியாயம் அத்தியாயமாக. யாருக்காக என்று கேட்டேன். "அவருக்காக" என்றீர்கள்.

ஆறாம் அத்தியாயம்தான் உங்களுடைய நல்ல எழுத்து. அடிமையாய் இருந்த இடத்திலிருந்து தப்பி வந்த ஒரு கொல்லன் அந்த ஊரில் பல வருடம் லாடம் அடித்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறான். ஒருநாள் உரிமைக்காரன் பத்திரத்தோடு வந்து நிற்கிறான். எங்கட ஆள் கொல்லனுக்காக நீதிமன்றத்தில் எழும்பினார். பத்திரத்தில் உள்ள தழும்பு இடது தோளில், இவனுடைய தழும்பு வலது தோளில் என்று காட்டினார். கொல்லன் அன்றைக்கே உலைக்குத் திரும்பினான். அந்த வழக்கு எங்கட ஆளை மாநிலச் சபைக்கும், பிறகு வாஷிங்டனுக்கும் அனுப்பியது.

வாஷிங்டனில் ஒரு சட்டம் வந்தது. தப்பி வந்தவர்களைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க எல்லோரும் உதவவேண்டும் என்ற சட்டம். ஆதரித்தவர்களின் பெயர் பதிவில் இருக்கிறது. எதிர்த்தவர்களின் பெயரும் இருக்கிறது. எங்கட ஆளின் பெயர் இரண்டிலும் இல்லை. அடுத்த கிழமை ஒரு கலங்கரை விளக்கத்துக்கான வாக்கெடுப்பில் இருக்கிறது.

அந்த அத்தியாயத்தை நீங்கள் எழுதவில்லை. ஒன்பதாவது. 'வாக்கெடுப்பு நாள்' என்று தலைப்பு மட்டும் போட்டு, வெற்றுத் தாள்களைக் கோர்த்துவைத்துவிட்டு, பத்துக்கும் பதினொன்றுக்கும் போய்விட்டீர்கள். அடுத்த தேர்தலில் அவர் தோற்றார், பன்றிகளிடமும் வேலிகளிடமும் திரும்பினார், வயதாகிப் படுக்கையில் இறந்தார். ஊர்ப் பத்திரிகை அவருக்கு நீண்ட அஞ்சலி எழுதியது. கொல்லன் வழக்கு அதில் ஒரு பத்தி. வாக்கெடுப்பு ஒரு வரியும் இல்லை. அவருக்கும் என்னைப்போல ஒரு மச்சான் இருந்திருக்கிறார்.

"ஒன்பது எங்க, அத்தான்?" என்று கேட்டேன்.

"அண்டைக்கு அவர் எங்க நிண்டவர் எண்டு தெரியேல்லை."

"எங்க நிண்டிருப்பார். கக்கூசுக்குள்ள நிண்டிருப்பார்."

"நிண்டிருக்கலாம். அங்க நிண்டு என்ன நினைச்சவர்? வீட்டை போய் பெண்சாதிக்கு என்ன சொன்னவர்?"

நான் அதைச் சரித்திரக் கேள்வி என்று நினைத்தேன். நிறையப் புத்தகம் வாசித்தவன் என்று எனக்குப் பெயர்.

நகரசபைத் தேர்தலில் நீங்கள் நின்றது நினைவிருக்கிறதா? துண்டுப் பிரசுரத்தில் உங்கள் படத்துக்குக் கீழே 'நெசவாலைத் தொழிலாளி' என்று டேனிஷில் போட்டிருந்தீர்கள். எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தது. "லோயர் எண்டு போட்டிருந்தா வெள்ளைக்காரனும் வோட்டுப் போட்டிருப்பான்" என்றார்கள். நீங்கள் தோற்றீர்கள். டேனிஷில் உண்மையும் வீட்டுத் தமிழில் மௌனமும் என்று ஒரு மனிதர் இரண்டு மொழியிலும் ஒழுங்காக வாழ்கிறார் என்று அப்போது நான் பகிடி பண்ணினேன். நீங்கள் சிரிக்கவில்லை.

இனிக் கல்வெட்டுக்கு வருகிறேன்.

அச்சுக்குப் போக ஒரு கிழமை இருந்தபோது பிரதியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். உங்கள் வீட்டை அக்கா வீடு என்று எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆரணி கோபன்ஹேகனிலிருந்து வந்திருந்தாள். உங்கள் மகள், உண்மையாகவே பரீட்சை எழுதி, உண்மையாகவே பாஸ் பண்ணி, உண்மையாகவே வழக்கறிஞராக இருப்பவள். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு சிங்கில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஆரணி அட்டையைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி என்னோடு டேனிஷில் பேசினாள்.

"மாமா, இதைப் போடமுடியாது. அப்பா வழக்கறிஞர் இல்லை. நான் பாஸ் பண்ணிய அன்றைக்கு அவரே எனக்குச் சொன்னார். அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்."

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை. அம்மாவுக்குத் தெரியக்கூடாததை டேனிஷில் சொன்னால் போதும் என்று. இருபது வருடத்துக்கு மேல் முதியோர் இல்லத்தில் வேலைசெய்து, டேனிஷ்காரரின் கடைசி வார்த்தைகளைக் கேட்டு, இறந்தவர்களின் கண்ணை மூடிவிட்ட பெண்ணின் பின்னால் இருந்துகொண்டு அப்படிச் சொன்னாள். நானும் அப்படியே டேனிஷில், "மெதுவாய்ப் பேசு" என்றேன்.

அக்கா திரும்பாமலே சொன்னார். அழகான டேனிஷில்.

"எனக்கு நன்றாகவே தெரியும்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தமிழுக்கு வந்தார். "வந்த முதல் மாசமே தெரியும். கடிதம் எழுதுவிக்க வாற ஆக்களுக்கெல்லாம் நான் முடிக்கேல்லை, முடிக்கேல்லை எண்டு சொல்லிக்கொண்டிருந்தார். நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டுக்கொண்டுதான் நிண்டனான். ஊருக்கெல்லாம் சொன்னார். எனக்கு மட்டும் சொல்லேல்லை."

"ஏனம்மா நீங்கள் கேக்கேல்லை?" ஆரணி இப்போது தமிழில் கேட்டாள்.

"கேட்டாச் சொல்லியிருப்பார். கேளாமச் சொல்லவேணும் எண்டு இருந்தனான். இண்டைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் எண்டு. ஆசுப்பத்திரியிலயும் பாத்துக்கொண்டு இருந்தனான். பொய் சொல்லிக் கட்டினது எனக்குப் பெரிசில்லை. கடைசி மட்டும் என்னை நம்பேல்லையே, அதுதான்."

அத்தான், எனக்கு அப்போதும் ஒரு வழி இருந்தது. இன்னொரு தடவை ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு செத்த மனிதர் ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு போனால் அவருக்குத் தோள் வலிக்காது. மேசையிலிருந்து எழும்பி வெளியே போய்விடவும் வழி இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. எங்கட ஆள் அன்றைக்கு எங்கே நின்றார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்படி ஒரு கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருப்பார்.

"அவர் பொய் சொல்லேல்லை, அக்கா. லோயர் எண்டு அப்பாவுக்கு எழுதினது நான். நீங்கள் வந்த அண்டைக்குத்தான் அவருக்கே தெரியும். உண்மையை எழுதட்டோ எண்டு கேட்டனான். என்னை இனி ஒருத்தரும் நம்பமாட்டினம் எண்டு விடச்சொன்னவர்."

அக்கா குழாயை மூடினார். கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் அவர் உன்னைக் காட்டிக்குடுக்காமல் இருந்தவரோ?"

"ஓம்."

"நான் அவரில கோவமா இருக்கேக்க, நீ ஞாயிற்றுக்கிழமையில இந்த மேசையில இருந்து புட்டுச் சாப்பிட்டனீ."

"ஓம்."

நான் எதிர்பார்த்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. கதிரையை இழுத்து உட்கார்ந்து, அட்டையைத் தன் பக்கம் திருப்பி, சட்டத்தரணி என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். "இதை எடு. எடுத்துப்போட்டு இப்ப எனக்குச் சொன்னதை எழுது."

"கல்வெட்டிலயோ?"

"கல்வெட்டிலதான். ஊரில உள்ள எல்லாருக்கும் இல்லாததை எழுதினனீ. இந்த மனுசனுக்கு ஒருக்கா உள்ளதை எழுது."

எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. 'இவர் சட்டக் கல்வியை முடிக்கவில்லை. தன்னைச் சட்டத்தரணி என்று ஒருபோதும் சொன்னதில்லை. பெண் வீட்டாருக்கு அப்படி எழுதியவர் இவருடைய மைத்துனர். அதை இவர் தன் மனைவியிடமும் சொல்லாமல் மைத்துனரைக் காப்பாற்றினார்.' எத்தனையோ கல்வெட்டு எழுதிய கை. இந்த நான்கு வசனத்துக்கு மட்டும் ஆறு தாள் கிழித்தது.

மண்டபத்தில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். என்னைத் தள்ளிவைப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவித ஆசையோடுகூட நினைத்தேன். செயலாளர் இரண்டாம் பக்கத்தை வாசித்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணை, இப்பிடி எழுதச்சொல்லித் தானே எழுதி வைச்சிட்டுப் போயிருக்கிறார், என்ன? கடைசியிலயும் அந்த அடக்கம்."

"இல்லை, அது உண்மை."

"நீங்களும் அவரைப்போலத்தான் கதைக்கிறீங்கள்" என்று என் தோளைத் தட்டிவிட்டு மேடைக்குப் போய், மறைந்த சட்டத்தரணி அவர்கள் என்று தொடங்கினார். முன்வரிசையில் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்தில் இருந்த எனக்குத்தான் தெரியும், நீங்கள் போனபிறகு அக்கா முதல் தடவையாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கு இருந்ததா என்று தெரியவில்லை. இப்போது அக்கா என்னோடு கார்ச் சக்கரத்தைப்பற்றி மட்டும்தான் கதைக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் புட்டுக்கு இன்னும் கூப்பிடவில்லை. ஆனால் உங்கள் படத்துக்கு முன்னால் இருந்து நெடுநேரம் கதைக்கிறாராம், ஆரணி சொன்னாள். முந்தி அப்படிக் கதைக்கவில்லையாம்.

முப்பத்தோராம் நாளுக்கு நூலகத்து அம்மாவும் வந்திருந்தார். அமெரிக்காவில் எங்கெங்கோ இருந்தெல்லாம் உங்களுக்குப் புத்தகம் எடுப்பித்துத் தந்தவர். எல்லோரும் உங்களை லோயர் என்றார்கள், அவர் வாசகர் என்றார். என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அந்தப் புத்தகத்தை அவர் முடித்தாரா?"

இல்லை என்றேன். அந்தக் கிழமை எனக்குப் பழகிப்போன சொல்.

நீலக் கோப்பை அக்காவிடம் கேட்டேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தந்தார். ஒன்பதாம் அத்தியாயத்தை நான் எழுதுவேன், அத்தான். அவரை நல்லவராக்கவும் மாட்டேன், கெட்டவராக்கவும் மாட்டேன். தொடக்கத்தை எழுதிவிட்டேன்: 'அன்று அவர் மண்டபத்தில் இல்லை. எங்கே நின்றார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் ஒருத்தி, கேட்காமலே அவர் சொல்வார் என்று கடைசிவரை காத்துக்கொண்டிருந்திருப்பாள்.' முடித்ததும் முதலில் அக்காவிடம் வாசித்துக் காட்டுவேன், அவர் கேட்கும்வரை காத்திராமல்.

சக்கரங்களை நாளைக்கு மாற்றுகிறேன். நாளை சனிக்கிழமை.

அக்காவுக்கு உங்களைப் பொய்யாக எழுதிக்கொடுத்த,
உங்களால் காப்பாற்றப்பட்ட,
உங்கள் மச்சான்